காரம் வேறு, வாசம் வேறு

போர்வைக்குள் இருந்து அவர் குரல் வந்தது. "தெரியுது... நல்லாத் தெரியுது."

நடுப்பகல். வெளியே ஊரடங்கு. ஜெயமங்கலத்தில் எங்கள் வீட்டு அடுப்படியை ஒட்டிய சின்ன அறையில் என் கணவர் சன்னாசி இரும்பு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் முக்காலியில் சோறு வடிக்கிற பெரிய பானை. கொதிக்கிற தண்ணீரில் ஒரு கட்டு தைல மரத்து இலை, மேலே தாராளமாக யூகலிப்டஸ் தைலம். தலையோடு சேர்த்துக் கம்பளியைப் போர்த்தியிருந்தார். இருமல் வரும்போது கம்பளி குலுங்கியது.

"என்ன தெரியுது?" என்றேன்.

"தைல வாசந்தான். மூக்குக்குள்ள சுர்ருன்னு... ஏறுது. எனக்கு அந்த நோவு இல்லத்தா."

அந்த நோவு என்றால் கொரோனா. பெயரைச் சொல்ல மாட்டார், சொன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது போல. வாசம் போனால்தான் அந்த நோய் என்று டி.வி.யில் யாரோ சொல்லக் கேட்டிருந்தார். எனக்கு வாசம் தெரிகிறது, ஆகவே எனக்கு நோய் இல்லை. இதற்கு மேல் அவரிடம் பேச ஒன்றுமில்லை.

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு அவர் இப்போது இல்லை என்பது தெரியும். எப்படிப் போனார் என்று கேட்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கதைகளைச் சொல்லி இத்தனை வாரம் ஒப்பேற்றினேன். இனி முடியாது. எனக்கு இதை எழுதச் சலிப்பாகத்தான் இருக்கிறது. ஒருதரம் சொல்லித் தொலைக்கிறேன், பிறகு யாரும் கேட்காதீர்கள்.

மனுசனா, சீசாவா

அவர் போடிமெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர். தேயிலை வாட்டுகிற சூட்டுக்கு அங்கே எரிப்பது தைல மரத்து விறகு. வேலைக்குச் சேர்ந்த வயதிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்த விறகின் புகையில்தான் நின்றார். நான் பெரியகுளத்தில் டெலிபோன் ஆபரேட்டர். அவர் மலையில், நான் கீழே. லீவுக்கு லீவு இறங்கி வருவார்.

அவர் வருவதற்கு முன்னால் அவர் வாசம் வந்துவிடும். சட்டை, வேட்டி, தலைமுடி எல்லாவற்றிலும் தைலம். கல்யாணமான புதிதில் உத்தமபாளையத்தில் இருக்கும் என் அக்காவிடம், "நான் கட்டுனது மனுசனையா, சீசாவையான்னு தெரியலக்கா" என்று புலம்பியிருக்கிறேன். அவள் சிரித்த சிரிப்பில் அத்தான் எழுந்து வந்து என்னவென்று கேட்டார்.

புகை போதாதென்று பையில் எப்போதும் ஒரு தைலச் சீசாவும் இருக்கும். தலைவலிக்கு நெற்றியில். இருமலுக்கு நெஞ்சில். மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்கக் கைக்குட்டையில். மூட்டுவலிக்கு, எறும்புக்கு, மாங்காய்ப் பால் பட்ட புண்ணுக்கு. எங்கள் மகள் கவிதாவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குத் தும்மல் வந்தது. இவர் மேடைக்கே ஏறிப்போய்ச் சீசாவை நீட்டினார். போட்டோவில் அது இருக்கிறது. மாப்பிள்ளை கையில் மாலை, மாமனார் கையில் தைலம்.

நான் கிண்டல் செய்யாத நாள் இல்லை. அவர் கோபித்துக்கொண்டதும் இல்லை. "சிரி, சிரி. ஒனக்கு ஒரு சளி வரட்டும், அப்பப் பாக்கேன்" என்பார். சளி வந்தால் அவர்தான் வந்து தேய்த்துவிடுவார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளைக்காரன் நட்ட மரம்

இந்தப் பக்திக்கு ஒரு பூர்வ கதை உண்டு. அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா, பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, வெள்ளைக்காரன் காலத்தில் காடு வெட்டப் போன கூட்டத்தோடு மலையேறியவராம். அங்கே குளிரெடுத்து நடுங்கி, விட்டு விட்டு வருகிற காய்ச்சல். ஆட்கள் வரிசையாக விழுந்தார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினா மருந்து எல்லோருக்கும் போதாது. தைல மரத்து இலையைச் சாராயத்தில் ஊறவைத்து இறக்கிய சாறு ஒரு பெரிய சீசாவில் இருந்ததாம். அதைத் தண்ணீரில் கலந்து ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றினார்களாம்.

"எங்காளு குடிச்சாரு. எந்திரிச்சாரு. மக்யாநாளு கோடாலியத் தூக்கிட்டு வேலைக்குப் போயிட்டாரு" என்று முடிப்பார் சன்னாசி, நேரில் பார்த்தது போல.

"குடிச்சிட்டுச் செத்தவுக எம்புட்டுப் பேரோ. அவுகளுக்குக் கத சொல்லப் பேரப்பிள்ளைக இல்ல" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். சாயங்காலக் காப்பி வரைக்கும் என்னோடு பேசவில்லை.

கதை முழுக்கப் பொய் என்றும் சொல்வதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படித்த டாக்டர்களே இதை நம்பியிருக்கிறார்கள். சதுப்பு நிலத்திலிருந்து கிளம்புகிற கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்பது அவர்கள் எண்ணம். தைல மரத்தின் வாசம் அந்தக் காற்றைச் சுத்தம் செய்துவிடும் என்று ஈரமான இடமெல்லாம் நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நீலகிரியில் விறகுக்காக வைத்த மரம், காய்ச்சல் மரம் என்று பேர் வாங்கியது. இலைச் சாறு மருந்துக் கடைக்குப் போனது. கொயினாவுக்குப் பதிலாக அதையே கொடுத்துப் பார்த்த டாக்டர்களும் உண்டு.

சில இடங்களில் காய்ச்சல் குறைந்தும் போனது. மரம் தண்ணீரை உறிஞ்சியது. நிலம் காய்ந்தது. கொசுவுக்கு முட்டையிட இடமில்லை. காய்ச்சலைக் கொண்டுவந்தது கொசு என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. அதனால் நல்ல பேரையெல்லாம் வாசம் தட்டிக்கொண்டு போய்விட்டது.

இதை நான் படித்தது அவர் போன பிறகுதான். அவர் இருக்கும்போது தெரிந்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சண்டை போட்டிருக்கலாம்.

தெருவுக்கே சோதனை

கொரோனாவின் இரண்டாவது அலையில் தைலத்துக்கு மறுபடியும் யோகம் அடித்தது. மெடிக்கல் கடைகளில் தைலம் கிடைக்கவில்லை. கண்மாய்க் கரையில் நின்ற தைல மரங்களைக் கைக்கு எட்டுகிற உயரம் வரை மொட்டையடித்துவிட்டார்கள். பெரிய பிரஷர் குக்கரில் குழாயைச் சொருகி, தெருமுனையில் வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஆவி பிடிக்க விட்டார்கள். கூட்டமாக ஆவி பிடிக்காதீர்கள், அதிலேயே நோய் பரவும் என்று அரசாங்கம் சொல்லிப் பார்த்தது. கேட்கிற நிலையில் யார் இருந்தார்கள்? படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை என்று டி.வி. அலறிக்கொண்டிருந்தது. கையில் கிடைத்தது இலைதான்.

என் வீட்டுக்காரர் குக்கர் வைக்கவில்லை. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். சீசாவை எடுத்துக்கொண்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாசல் வாசலாகப் போய்ச் சோதனை செய்தார்.

"மோந்து பாரு. தெரியுதா?"

"தெரியுது மாமா. சுர்ருங்குது."

"அப்ப ஒண்ணுமில்ல. போயி வேலையப் பாரு."

எங்கள் தெருவில் ஒருவர்கூட இந்தச் சோதனையில் தோற்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவர்களும் பாஸ். இருமிக்கொண்டிருந்தவர்களும் பாஸ். வாய்க்கு ருசியே இல்லை, சோறு மண்ணைத் தின்பது மாதிரி இருக்கிறது என்று சொன்ன தெருக்கோடி வீட்டுக்காரரும் பாஸ். எல்லோருக்கும் நிம்மதி. தைலத்தைக் கண்டுபிடித்தவனே வந்து சான்றிதழ் கொடுத்தது போல வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

காய்ச்சல் கணக்கெடுக்க ஒரு பெண் வீடு வீடாக வரும். வெயிலில் முகம் கருத்து, நடந்து நடந்து செருப்பு தேய்ந்து, பாவம் அதுவும் ஒரு வீட்டுப் பிள்ளை. எங்கள் வாசலில் நின்று, "ஐயாவுக்கு வாசம் தெரியுதாம்மா?" என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து பதில் போனது. "தைலமே தெரியுதுத்தா! நீ அடுத்த வீட்டுக்குப் போ." அந்தப் பெண்ணும் போய்விட்டது. இப்படிக் கணீரென்று பதில் சொல்கிற ஆளை அது எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

மூச்சு நிற்கிற இடம்

கணீரென்ற அந்தக் குரல்தான் எனக்கு முதலில் மாறித் தெரிந்தது.

நான் ஆயுசில் பாதியைக் காதில் ஹெட்போனோடு கழித்தவள். ஆள் முகம் தெரியாது, குரல்தான். பொய் சொல்கிறவர், அழுதுவிட்டுப் பேசுகிறவர், பக்கத்தில் ஆள் இருப்பதால் மென்று விழுங்குகிறவர், எல்லோரையும் குரலில் தெரியும். மனிதர்கள் பேசும்போது ஒரு வாக்கியம் முடிகிற இடத்தில்தான் மூச்சு விடுவார்கள். இவர் நடுவில் விட ஆரம்பித்திருந்தார். "தண்ணி கொண்டா" என்பதில்கூட. "தண்ணி..." ஒரு மூச்சு. "கொண்டா."

"மூச்சு வாங்குதாங்க?"

"ஆவி பிடிச்சதும் நல்லா... தொறந்துக்கிருது. நெஞ்சு லேசாயிருக்கு."

அதுவும் பொய் இல்லை. ஆவி பிடித்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். அதை நானே பார்த்தேன். பிறகு வார்டில் ஒரு சின்ன வயசு டாக்டர் சொன்னார். தைலம் மூச்சுக் குழலைத் திறப்பதில்லையாம். மூக்கில் குளிர்ச்சி ஏறுவதால், காற்று நிறைய உள்ளே போவது மாதிரி நமக்குத் தோன்றுமாம். தோன்றுவதோடு சரி. உள்ளே நுரையீரல் பாட்டுக்கு மூழ்கிக்கொண்டிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். மாட்டேன் என்றார். அழுதேன். மாட்டேன் என்றார். சோறு போட மாட்டேன் என்றேன். எனக்கும் பசியில்லை என்றார். அவர் தங்கச்சி பாக்கியம் சின்னமனூரில் இருந்து போன் செய்தாள். எனக்குப் புத்தி சொல்வதற்காக.

"மதினி, அண்ணனைய அங்கன மட்டும் கொண்டு போயிராதீக. போனவுக பொட்டலமாத்தான் வாராக. வீட்டுலயே ஆவி பிடிக்கட்டும். அதான் வாசம் தெரியுதுங்குதுல்ல?"

"ஒங்க அண்ணன் பேச்ச நீ கேட்டியா? நடுவுல நடுவுல மூச்சு நிக்குது பாக்கியம்."

"வயசாச்சுல்ல மதினி."

நல்ல பதில். அவரைவிட எனக்கு ஒன்றும் பெரிதாக வயது குறைவில்லை. எனக்கு மட்டும் முழு வாக்கியம் வருகிறது. போனை வைத்தேன். அந்த நிமிஷம் நானும் படுத்துவிடலாம் என்று இருந்தது. ஒரு மனிதனைக் காப்பாற்ற, முதலில் அவனோடு சண்டை போட்டு ஜெயிக்க வேண்டியிருந்தால் எவளுக்குத் தெம்பு இருக்கும்?

கோயம்புத்தூரில் இருக்கும் கவிதா அன்று மாலை பேசினாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி டாக்டர். அவளிடம் கேட்டுவிட்டுப் பேசினாள். பேச்சு வேகமாக இருந்தது.

"அம்மா, தைலத்த வச்சுப் பாக்காதீங்க. அது வாசம் இல்லம்மா, காரம். வெங்காயம் உரிச்சா கண்ணு எரியுதுல்ல, அது மாதிரி. வாசம் சுத்தமாப் போனவங்களுக்கும் தைலம் மூக்குல எரியும். அதுக்கு நரம்பே வேறயாம். வேற எதையாச்சும் குடுத்துப் பாருங்க. காப்பித் தூள் இருக்கா?"

காப்பித் தூள் இல்லாத வீடா எங்கள் வீடு?

தெருவே பாஸ் ஆனது ஏன் என்று புரிந்தது. கோடி வீட்டுக்காரருக்குச் சோறு மண்ணாக இருந்தது ஏன் என்றும் புரிந்தது.

கண்ண மூடுங்க

மலையில் இருந்த காலத்திலிருந்து அவருக்குக் காப்பி ஒரு நோய். போடியில் கொட்டை வாங்கி, கருக வறுத்து, வீட்டிலேயே அரைத்து வைத்துக்கொள்வோம். டப்பாவைத் திறந்தால் தெரு திரும்பிப் பார்க்கும். அதில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"கண்ண மூடுங்க."

"என்னத்துக்கு?"

"மூடுங்கன்னா மூடுங்க. இம்புட்டு வருசத்துல நான் சொன்னது ஒண்ணாச்சும் கேட்டிருக்கீகளா?"

மூடினார். வெளிச்சத்தில் அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். உதடு நீலம் பூத்திருந்தது. கையை அவர் மூக்குக்குக் கீழே கொண்டுபோனேன். எனக்கே வாசம் அடித்து நாக்கில் எச்சில் ஊறியது.

அவர் மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். நெற்றியைச் சுருக்கினார். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்க்க முடியாத பிள்ளை மாதிரி திணறினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

"தைலந்தான?" என்றார். "கொஞ்சமா... போட்டுருக்க. அதான் எரியல."

"கண்ணத் தொறங்க."

திறந்தார். என் உள்ளங்கையைப் பார்த்தார். நான் திட்டவில்லை. ஜெயித்துவிட்டேன் என்ற எண்ணமும் வரவில்லை. காப்பித் தூளை டப்பாவில் திரும்பக் கொட்டி மூடினேன்.

"ரமேசு ஆட்டோ இருக்கான்னு பாரு" என்றார்.

ரமேசு பக்கத்து வீட்டுப் பையன். கொரோனா என்று தெரிந்தும் மூஞ்சியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். அவனுக்குப் புண்ணியமாகப் போகட்டும். தேனி வரைக்கும் நான் பின்சீட்டில் இவர் தலையைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டே போனேன். வழியெல்லாம் போலீஸ் நிறுத்தினார்கள். முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள்.

குப்புறப் படுத்தவர்கள்

பெரிய ஆஸ்பத்திரியில் அன்று கட்டில் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். விரலில் கருவியை மாட்டிப் பார்த்த சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். அந்த ஓட்டமே எனக்குப் போதும். மாஸ்க்கைப் பொருத்தி ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உதட்டு நீலம் வெளிறியது.

"கொஞ்சம் முந்திக் கூட்டிட்டு வந்திருக்கலாம்மா" என்றார் அந்தச் சின்ன வயசு டாக்டர். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அன்றைக்கு எத்தனை பேரிடம் இதையே சொன்னாரோ, அலுத்துப்போன குரல். எனக்கு அந்தக் குரலைப் பிடித்திருந்தது. என் குரல் மாதிரியே இருந்தது.

வார்டில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். அப்படிப் படுத்தால் நுரையீரலுக்கு நல்லதாம். ஒரு ஹால் முழுக்க மனிதர்கள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் குப்புறக் கிடந்தார்கள். ஆளைத் திருப்பிப் போடவும், தண்ணீர் கொடுக்கவும், மாஸ்க் விலகினால் சரிசெய்யவும் சிஸ்டர்களுக்குக் கை போதவில்லை. அதனால் ஆளுக்கு ஒருத்தரைக் கூட இருக்க விட்டார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைத்தது. முகத்தில் இரண்டு மாஸ்க், மேலே ஒரு கண்ணாடித் தகடு. அது மூச்சுப் பட்டு மறைத்துக்கொண்டே இருக்கும், நான் துடைத்துக்கொண்டே இருப்பேன்.

அவரைத் திருப்புவது லேசான காரியம் இல்லை. பாய்லர்க்காரர் உடம்பு. திருப்பி, தலையணையை நெஞ்சுக்கடியில் சொருகி, குழாய் மடங்காமல் பார்த்து, முதுகைத் தட்டிக்கொடுத்து உட்கார்ந்தால், திரும்ப நேராகப் போடும் நேரம் வந்துவிடும். என் இடுப்பு விட்டுப்போனது. பக்கத்துக் கட்டில் காலியாகும். புது ஆள் வருவார். அதுவும் காலியாகும். கம்பத்துக்காரர் ஒருத்தருடைய மகள் என்னிடம் பிஸ்கட் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் அவள் ஸ்டூல் அங்கே இல்லை. விசாரிக்கவும் எனக்குத் தெம்பில்லை.

இரண்டு தடவை சைகையில் தைலம் கேட்டார். நெஞ்சில் தேய்க்கச் சொல்லிக் காட்டினார். சிஸ்டரிடம் கேட்டேன்.

"ஆக்சிஜன் ஓடுற எடத்துல தைலம், எண்ணெ எதுவும் கூடாதும்மா. தீப்பிடிச்சிரும்."

அதைப் போய் அவரிடம் சொன்னேன். ஆயுசு முழுக்கத் தீயோடு நின்றவர். மாஸ்க்குக்குள் சிரித்தார். கண்தான் சிரித்தது. அதற்குள் இருமல் வந்து கெடுத்தது.

வெளிய நின்ன பொம்பள

மதியச் சாப்பாட்டு நேரம். சாதம் எடுத்து ஊட்டுவதற்காக மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினேன். வாயைத் திறக்காமல் என்னையே பார்த்தார்.

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார்.

"என்னது?"

"வாசம் போனது. குளிக்கயில... சோப்பு வாசம் வரல. அன்னைக்கே தெரியும்."

எனக்குச் சோற்றுக் கை அப்படியே நின்றது. "அப்பறம் ஏன் தெரியுது, தெரியுதுன்னு சொன்னீக? தெருப்பூரா சீசாவத் தூக்கிட்டுத் திரிஞ்சீகளே!"

"அது அதுக்கு முந்தி." மூச்சு வாங்கினார். "தெருவுக்கு நான் சொன்னது... நெசமாத்தான் நம்பிச் சொன்னேன். எனக்குன்னு வந்ததும்... தைலம் எரியுதுல்ல, அதையே பிடிச்சுக்கிட்டேன்."

பேசாதீர்கள் என்று சைகை காட்டினேன். இதற்கு மேல் கேட்க எனக்கு என்ன இருக்கிறது? ஆனாலும் வாய் கேட்டுவிட்டது. "ஆசுபத்திரின்னா அம்புட்டுப் பயமா ஒங்களுக்கு? சாகுறதுக்குப் பயந்தவரா நீங்க?"

தலையை ஆட்டினார். இல்லை என்று.

"போன வருசம் மேலத்தெரு ஆள... ஆம்புலன்சுல ஏத்துனாகள்ல. அந்தாளு பொஞ்சாதி... தெருவுலயே நின்னுச்சு. ஏறவே விடல. அதுக்கப்பறம் அந்தாள... அது பாக்கவேயில்ல."

அது முதல் அலையில் நடந்தது. அப்போது அப்படித்தான் இருந்தது. யாரையும் கூட விடவில்லை. அந்த அம்மாள் வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றதை நாங்கள் இருவரும் வாசலில் இருந்து பார்த்தோம். உள்ளே வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"ஒன்னைய வெளிய நிப்பாட்டிருவாகன்னு நெனச்சேன்" என்றார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை. "இங்கன உள்ள விடுவாகன்னு தெரிஞ்சிருந்தா... மொத நாளே வந்துருப்பேன்ல."

மாஸ்க்கை இழுத்து அவர் முகத்தில் பொருத்தினேன். நாடா காதில் மாட்டவில்லை. என் கண்ணாடித் தகடு மறைத்துவிட்டது, துடைக்கத் தோன்றவில்லை. மறுநாள் காலையில் அவர் போனார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

உள்ளே விடுவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை.